மூன்று மாதம் கெடாத கோழி

சமையல் பக்கம் எழுதும் ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்பது பக்கத்தின் மூலையில் போட்டிருக்கும் உங்கள் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கையில் கரண்டி, கழுத்தில் முத்துமாலை, பின்னால் ஒரு பாத்திரம்கூட அழுக்காக இல்லாத அடுப்பங்கரை. ஆகையால் உங்கள் நலத்தை நான் விசாரிக்கவில்லை. என் நலத்தை விசாரிக்க உங்களுக்கு என்னைத் தெரியாது. இரண்டு பக்கத்து மரியாதையும் முடிந்தது என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து மலை ஏறி இறங்கும், பொறுமையாகப் படிக்கவும்.

'உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் உள்ளவர்களுக்கு ஃப்ரீசரில் வைக்கத்தக்க ஐந்து எளிதான கோழி மசாலாக்கள்' என்று உங்கள் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். அதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. புகார் 'எளிதான' என்று போட்டதைப் பற்றி. வேண்டுகோள் 'மூன்று மாதம் கெடாது' என்று போட்டதைப் பற்றி. இதில் வேண்டுகோள்தான் அவசரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகன் வண்டியோடு வந்து என் ஃப்ரீசரைக் காலி செய்து, அதற்குள் இருக்கும் கோழிப் பைகளைக் குப்பையில் போடப்போகிறான். மூன்று மாதம் ஆகிவிட்டது என்கிறான். இன்னும் கொஞ்ச காலம் தாங்கும் என்று நீங்கள் கைப்பட ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினால் அதை அவன் முகத்துக்கு நேரே நீட்டுவேன். பெற்றவள் சொன்னால் கேட்கமாட்டான். எழுதியவர்கள் சொன்னால் கேட்பான்.

உங்கள் பக்கம் என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திருடினேன் என்று நினைப்பீர்கள். நான் பல் டாக்டர் ஒருவரிடம் பெருக்கித் துடைக்கும் வேலை பார்க்கிறேன். காத்திருக்கிற அறையில் உங்கள் பத்திரிகை கிடக்கும். பல்வலியோடு வருகிறவர்கள் சமையல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு இருப்பார்கள், அது ஒரு தனிப் பாவம். டாக்டரிடம் கேட்டுத்தான் அந்தத் தாளைக் கிழித்தேன். பின்பக்கத்தில் ராசிபலன் இருந்தது. என் வீட்டுக்காரர் ராசிக்கு 'உடல்நலம் சீராகும், பழைய நண்பர் வருவார்' என்று போட்டிருந்தது. பழைய நண்பர் வந்தார். பாதி பலித்தது. மீதிப் பாதிக்கு ராசிபலன்காரருக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், நீங்கள் அவரைப் பார்த்தால் சொல்லி வையுங்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பார்சல் ஆபீசில் வேலை. பெட்டிகளின் மேல் மார்க்கர் பேனாவால் விலாசம் எழுதுவார். அனுப்புநர் யார், பெறுநர் யார், உள்ளே என்ன, எந்தப் பக்கம் மேலே, எல்லாம் அவர் கையால் எழுதினால்தான் பெட்டி வாசலைத் தாண்டும். அச்சுப் போல எழுத்து. எழுதி எழுதி விரல் வீங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு முழங்கை வீங்கியது, முழங்கால் வீங்கியது, காலையில் சட்டைப் பொத்தானைப் போட அவருக்கு நானும், என்னைத் திட்டுவதற்கு அவரும் என்று ஆகிவிட்டது. டாக்டர் சொன்னார், உடம்பைக் காப்பாற்றுவதற்கு உள்ளே ஒரு காவல் இருக்கிறதாம், அந்தக் காவலே உடம்பைப் பகையாளி என்று நினைத்து அடிக்கிறதாம். இதற்கு இவ்வளவு பெரிய பெயர் எதற்கு டாக்டர், வேலியே பயிரை மேய்வது என்று நாங்கள் சொல்வோமே என்றேன். அவர் சிரித்துவிட்டு மருந்து எழுதினார். மருந்தோடு சாப்பாட்டையும் எழுதினார். தக்காளி கூடாது, மிளகாய் கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, கத்தரிக்காய் கூடாது, அரிசி கோதுமை கூடாது, பருப்பு கூடாது, பால் தயிர் முட்டை கூடாது, கடுகு சீரகம் மல்லி என்று விதையாய்ப் பிறந்தது எதுவும் கூடாது, மிளகும் கூடாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் கேட்டார், "அப்ப கூடுறது என்னன்னு ஒண்ணாவது சொன்னாரா?" கோழி கூடும் என்றேன். "அதுக்கு நான் கூடுவேனான்னு கேட்டாரா?" என்றார்.

இந்த நேரத்தில்தான் உங்கள் பக்கம் வந்தது, தெய்வம் மாதிரி. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் என் மகன், மூடப்போன ஐஸ்கிரீம் கடை ஒன்றிலிருந்து மேல் மூடி திறக்கிற பெரிய ஃப்ரீசரை வாங்கி வந்து போட்டான். பக்கவாட்டில் இன்னும் சிரிக்கிற பனிக்கரடி படம் இருக்கிறது. எங்கள் அறையில் அதை வைத்ததும் கட்டிலை நகர்த்த வேண்டியிருந்தது, கட்டிலை நகர்த்தியதும் பீரோ திறக்கவில்லை, அதனால் துணியெல்லாம் ஃப்ரீசர் மூடி மேல் வந்தது, கோழி எடுக்கும்போதெல்லாம் துணியை எடுத்துக் கட்டிலில் போட்டு, படுக்கும்போது கட்டிலில் இருப்பதை ஃப்ரீசர் மேல் போட்டு, அம்மா, நீங்கள் 'எளிதான' என்று எழுதினீர்களே, உங்கள் பீரோ திறக்கிறதா?

இப்போது புகாரைச் சொல்லிவிடுகிறேன். 'பத்தே நிமிடத்தில் தயார்' என்று போட்டிருக்கிறீர்கள். கோழியை யார் கழுவியது? பூண்டை யார் உரித்தது? உங்கள் பக்கத்தில் பூண்டு உரிந்தே பிறக்கிறது. ஒரு எலுமிச்சை என்று போட்டீர்கள், எவ்வளவு பெரிய எலுமிச்சை என்று போடவில்லை. எனக்குக் கிடைத்தது சின்னப் பந்து மாதிரி இருந்தது, முழுவதையும் பிழிந்து மஞ்சளும் பூண்டும் போட்டு ஊறவைத்தேன். எடுத்துச் சமைத்தால் கறி வெளுத்துப்போய், மென்று துப்பிய காகிதம் மாதிரி ஆகிவிட்டது. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, இது கோழியா கோழி எழுதிய ராஜினாமாவா என்று கேட்டார். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்த்தது ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருகியதும் திரிந்து போனது மாதிரி தண்ணீர் தனி, கட்டி தனியாக நின்றது. கெட்டுவிட்டது என்று முதல் பையைக் கொட்டிவிட்டேன். அது அப்படித்தான் பிரியும், கிளறினால் சரியாகிவிடும் என்று நீங்கள் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தீர்கள். பொடி எழுத்தில் போடுவதற்கு அது என்ன, கடன் பத்திரமா?

பையின் மேல் பெயரும் தேதியும் எழுதிவைக்கச் சொல்லியிருந்தீர்கள். அங்கேதான் வினை பிடித்தது. எழுதுகிற விஷயம் என்றதும் என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். விரலை மடக்க முடியவில்லை, பேனாவைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிக்கொண்டு எழுதினார். எழுத்து மட்டும் கோணவில்லை. கோழிப்பை என்று நினைத்தாரா, பெட்டி என்று நினைத்தாரா, தெரியவில்லை. ஒவ்வொரு பையிலும் இப்படி இருக்கும்: அனுப்புநர், சமையலறை. பெறுநர், கட்டில். உள்ளே இருப்பது, மஞ்சள் தண்டனை. மதிப்பு, இல்லை. அவசரமும் இல்லை. எலுமிச்சை பூண்டு மஞ்சள் போட்டதற்கு மஞ்சள் தண்டனை என்று பெயர். தேங்காய்ப்பாலுக்கு வெள்ளை மௌனம். புதினாவும் கொத்தமல்லித் தழையும் அரைத்துத் தடவியதற்குப் பச்சைப் பொய். ஆரஞ்சுச் சாறும் தேனும் போட்டதற்குப் பழக்கடை விபத்து. வெங்காயமும் பட்டையும் வினிகரும் சேர்த்ததற்கு மட்டும் ரொம்ப நேரம் யோசித்து, 'மாமியார் வீட்டு ஞாபகம்' என்று எழுதினார். என் அம்மா செத்து எவ்வளவோ காலமாகிறது, அவளையும் விடவில்லை. எல்லாப் பையிலும் கடைசியில் ஆபீஸ் வழக்கப்படி ஒரு வரி இருக்கும்: பெறுநர் இல்லையேல் அனுப்புநரிடமே சேர்க்கவும். எதற்கு இந்த வேண்டாத வரி என்று கேட்டால், அது இல்லாமல் பார்சல் முழுசாகாது என்பார்.

இதோடு விட்டாரா? மூலையில் ஒரு அம்பு போட்டு, 'இந்தப் பக்கம் மேலே' என்று வேறு எழுதினார். பையைத் தட்டையாகப் படுக்கவைக்கச் சொல்லி நீங்கள் எழுதியிருந்தீர்கள், நான் படித்துக் காட்டினேன். "அம்பு போட்டத படுக்க வெச்சா எங்க ஆபீஸ்ல சீட்டு கிழிஞ்சிரும்" என்றார். ஆகையால் நிறுத்தி வைத்தேன். கறியெல்லாம் அடியில் இறங்கி, குண்டன் ஒருத்தன் உட்கார்ந்து உறைந்த மாதிரி ஒவ்வொரு பையும் தொப்பையோடு கல்லாகிவிட்டது. ஒன்று எடுத்தால் மூன்று சரிந்தது. ஒரு நாள் பழக்கடை விபத்து என் காலில் விழுந்து நகம் பெயர்ந்தது. பல் டாக்டர்தான் கட்டுப் போட்டார், இதுவரை தான் கால் நகத்துக்கு வைத்தியம் பார்த்ததில்லை என்றார். அதற்கும் மேலே, இவர் பிடிவாதமாக ஆபீஸ் பேனாவால்தான் எழுதினார். அது அட்டைப்பெட்டிக்கு எழுதுகிற பேனா. பாலிதீனில் உறைந்திருக்கிறவரைக்கும் ஒட்டிக்கொண்டு இருக்கும், உருகி வேர்த்தால் வழிந்துவிடும். பாலிதீனுக்கு என்று நான் வாங்கி வந்த பேனாவை, கடையில் விலை எழுதுகிற பேனா என்று தள்ளிவிட்டார். நூறு பெட்டி எழுதிய திமிர். இந்தத் திமிரால் எனக்கு என்ன வந்தது என்று கீழே வரும்.

ராசிபலனில் சொன்ன பழைய நண்பர் யார் என்றால், அதே ஆபீசில் தராசு பார்க்கிறவர். எடைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நலம் விசாரிக்க வந்தவர், எடையைப் பார்ப்பது போல இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆள் பாதியாகிட்டாரே அண்ணி என்றார். போகும்போது ஒரு சின்னப் பார்சலைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனார். 'மருந்து' என்று எழுதியிருந்தது. உள்ளே மிளகாய்த் தூள். இரண்டு பேரும் சேர்ந்து போனிலேயே பேசி வைத்திருக்கிறார்கள். நான் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, உலகத்துல ஜெயிலுக்குள்ளகூட காரம் போடுவாங்க என்றார். நான் மட்டும் வீட்டில் காரம் தின்றேனா? அவர் முன்னால் மிளகாய் வாசனையோடு நிற்கக்கூடாது என்று வேலைக்குப் போன இடத்திலேயே எதையாவது வாயில் போட்டுக்கொண்டு, பல்லை விளக்கிவிட்டு வருவேன். அங்கே பல் விளக்க மட்டும் குறையே இல்லை. அவருக்கு அளந்து கட்டிய பையில் ஒரு துண்டுகூட நான் தொட்டதில்லை.

ஒரு நாள் காலையில் பச்சைப் பொய் அரைத்து, கோழியில் தடவி, பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடிவிட்டு, எழுதுங்க என்று அவரிடம் கொண்டுபோனேன். மூச்சு வாங்குது, வந்து எழுதுறேன், உள்ள வை என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அந்தக் காவல்காரன் நுரையீரலுக்குள்ளேயும் போய்விட்டான் என்றார்கள். திரும்பி வந்தது அவர் இல்லை.

அவ்வளவுதான் அம்மா. நான் அதற்கு மேல் எழுதமாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். மூன்று மாதம் கெடாது என்று எழுதினீர்கள். கோழி கெடவில்லை. உங்கள் சொல் தப்பவில்லை. நான்தான் அந்த மூன்று மாதம் அவருக்கும் சேர்த்து என்று நினைத்துக்கொண்டு, ஃப்ரீசர் நிறைய அடுக்கி வைத்தேன்.

பிறகு துக்கத்துக்கு வந்தவர்கள். என் நாத்தனார், அவருடைய அக்கா, காரியம் முடிந்த மறுநாளே துணியை எல்லாம் தள்ளிவிட்டு ஃப்ரீசரைத் திறந்து பார்த்தாள். உள்ளே இவ்வளவு கோழி வெச்சுக்கிட்டா வந்தவங்களுக்கு வெறும் டீயக் குடுத்துட்டு இருக்க என்று கேட்டாள். நான் மூலையில் கிடந்தேன். நாலைந்து பையை எடுத்து உருக்கி, அதன் மேல் மிளகாய்த் தூளை மண் அள்ளிப் போடுகிற மாதிரி போட்டு வறுத்தாள். அத்தனை மாதம் கழித்து வீட்டில் மிளகாய் நெடி. எனக்குக் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. பாவம் அழுகிறாள் என்று ஆளாளுக்கு முதுகைத் தடவினார்கள். மறுநாள் நிஜமாகவே அழுதேன், நெடி இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் குறை வேறு. உள்ளே கறியில் உப்பு பிடிக்கவில்லையாம், இஞ்சி தூக்கலாம், என்ன பக்குவமோ என்றாள் நாத்தனார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ருசி விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் குப்பைக்கூடையைக் கவிழ்த்து அந்தப் பைகளை எடுத்தேன். எண்ணெய்யும் எச்சிலுமாக இருந்தது. எழுத்தைக் காப்பாற்றலாம் என்று மெதுவாகத் தண்ணீரில் காட்டினேன். அனுப்புநர், பெறுநர், எல்லாம் கறுப்பாக வழிந்து போனது. மாமியார் வீட்டு ஞாபகத்தில் 'மா' மட்டும் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அதுவும் போய்விட்டது.

இப்போது புரிகிறதா அம்மா, நான் எதற்கு மல்லுக்கட்டுகிறேன் என்று. அந்த எழுத்து உறைந்திருக்கிறவரைக்கும்தான் இருக்கும். மிச்சமிருக்கிற பைகளை மருமகள் செல்போனில் படம் எடுத்தாள், நல்ல பெண்தான். இதுல இருக்கு அத்தை, எப்ப வேணாலும் பாக்கலாம் என்றாள். பார்த்தேன். அதைத் தொட்டால் சில்லென்று இல்லை. மேலே பூத்த பனியைச் சுண்டுவிரலால் துடைத்தால் எழுத்து அடியிலிருந்து மெதுவாக எழுந்து வருமே, அது இல்லை. அவர் எழுதாமல் விட்டுப்போன அந்தக் கடைசிப் பையைப் படம் எடுத்தால் அதில் என்ன தெரியும், ஒன்றும் இல்லாதது தெரியும்.

மகன் கெட்டவன் இல்லை. ஆனால் மருந்துக் கடையில் வேலை பார்த்துப் பார்த்து அவனுக்கு எதை எடுத்தாலும் திருப்பித் தேதி பார்க்கிற வியாதி. தேதி முடிந்தால் பெற்ற தாயையும் எடுத்து வெளியே வைத்துவிடுவான் என்று அவன் அப்பாவே சொல்வார். போன வாரம் சொல்லாமல் வந்து நின்றான். நான் ஃப்ரீசர் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கூப்பிட்டது காதில் விழவில்லையாம். பின்னால் வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கினான். என் கன்னத்தில் பனி ஒட்டியிருந்ததாம்.

"என்னம்மா பண்றீங்க?"

"கறி சரியா இருக்கான்னு பாக்குறேன்."

"எத்தன நாளா பாக்குறீங்க?"

நான் கன்னத்துப் பனியை முந்தானையால் துடைத்தேன். அவன் ஒரு பையைத் தூக்கித் தேதியைப் பார்த்தான், விரலில் மாதத்தை எண்ணினான். மூணு மாசம் தாண்டியாச்சும்மா, இதெல்லாம் இனிமே வெச்சிருக்கக் கூடாது, நீங்க தனியா இருந்தது போதும், ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன், அங்க இத வைக்க எடமில்ல என்றான். தேதி முடிஞ்சா என்ன, தேதிக்கு என்ன தெரியும் என்றேன். போட்டவங்களுக்குத் தெரியும்மா, நீங்கதானே அந்தப் பக்கத்தப் பத்திரமா வெச்சிருக்கீங்க, அதுலயே போட்டிருக்கே என்றான். தோற்றுப் போனேன். உங்களாலே, அம்மா.

ஆகையால் கேட்கிறேன். மூன்று மாதம் என்று நீங்கள் எழுதியது எந்த நாளிலிருந்து? மசாலா தடவிய நாளிலிருந்தா, உறைந்த நாளிலிருந்தா? எனக்கு நாள் நின்றுபோனதிலிருந்து எண்ணினால் இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. இன்னொன்று. ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது, விஷமாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப சரி. இதையே என் வீட்டுக்கு வந்து 'மனசக் கல்லாக்கிக்க, கல்லாக்கிக்க' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கும் பெரிய எழுத்தில் ஒருமுறை போடவும். பொடி எழுத்தில் வேண்டாம்.

'எளிதான' என்று போட்டதை அடுத்த இதழில் திரும்பப் பெறவும். 'மூன்று மாதம்' என்று போட்டதைக் கொஞ்சம் நீட்டவும். நான் கேட்பது ஒரே ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கிடைக்கும்படி அனுப்பவும். அனுப்பாவிட்டால் உங்கள் பக்கத்தை இனி எந்தப் பல் டாக்டர் வீட்டிலும் தொடமாட்டேன், பல் மேல் ஆணை.

மற்றபடி உங்கள் வீட்டு அடுப்பு என்றும் எரியவேண்டும். உங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் கூடாது என்று ஒரு டாக்டரும் எழுதித் தரும்படி ஆகவேண்டாம். உங்கள் ஃப்ரீசரில் அன்றன்றைக்கு எடுத்து அன்றன்றைக்குத் தீர்ந்துபோகிற அளவே இருக்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம், ராசிபலன்காரருக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ஐந்து மசாலாவையும் செய்து பார்த்த ஒருத்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடவும். தபால்தலை இல்லாமல் கடிதம் என் கைப்பையிலேயே கிடந்து, ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. மகன் வந்தான். ஃப்ரீசரைத் தூக்க எடைக்காரரையும் ஆபீஸ் வண்டியையும் கூட்டி வந்தான். நான் மூடி மேல் உட்கார்ந்துகொண்டேன், பனிக்கரடிக்கு மேலே இன்னொரு கரடி. மகன் கெஞ்சினான், நான் நகரவில்லை. எடைக்காரர்தான் என்னை மெதுவாக எழுப்பிவிட்டு மூடியைத் திறந்து, பழக்க தோஷத்தில் ஒரு பையைக் கையில் தூக்கி எடை பார்த்தார். பிறகு தினமும் நூறு பேரிடம் கேட்பதை என்னிடமும் கேட்டார்.

"இது எங்க போகணும் அண்ணி?"

கண்ணாடி அவரிடம் இல்லை, அதனால் நான்தான் படித்தேன். அனுப்புநர், சமையலறை. பெறுநர், கட்டில். கட்டிலைப் பார்த்தேன், அதில் என் துணிதான் கிடந்தது. கீழே அந்த வேண்டாத வரி, பெறுநர் இல்லையேல் அனுப்புநரிடமே சேர்க்கவும். எத்தனை பையில், எத்தனை தடவை படித்திருப்பேன்.

"இங்கதான்" என்றேன். "எனக்குத்தான் வந்திருக்கு."

குப்பைக்கு ஒன்றும் போகவில்லை. எழுதியிருந்த எல்லாவற்றையும் உருக்கிச் சமைத்தேன். தேதியைப் பற்றி மகன் வாயே திறக்கவில்லை, பையில் நீர் கோத்து அவன் அப்பா எழுத்து வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் கையெல்லாம் மை. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், எடைக்காரர்கூட மிளகாய்த் தூள் கேட்கவில்லை, மிஞ்சியதை ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போனார். மஞ்சள் தண்டனை தண்டனைதான், அவர் பொய் சொல்லவில்லை. பச்சைப் பொய்தான் நன்றாக இருந்தது. அதைத்தான் அவர் எல்லாவற்றையும்விட அதிகமாகத் திட்டுவார், திட்டிக்கொண்டே தட்டை மறுபடி நீட்டுவார். ஆகையால் 'எளிதான' என்று போட்டதையும் திரும்பப் பெற வேண்டாம், கிடக்கட்டும். உப்பு மட்டும் ஒரு சிட்டிகை கூடப் போடலாம் என்று எழுதவும். நாத்தனார் சொன்னது அந்த ஒரு விஷயத்தில் சரி.

அந்தக் கடைசிப் பை மட்டும் மிச்சம். அதில் அனுப்புநரும் இல்லை, பெறுநரும் இல்லை. விலாசம் எழுதாத பார்சல் வந்தால் ஆபீசில் என்ன செய்வீர்கள் என்று எடைக்காரரைக் கேட்டேன். "ஒரு மூலைல வெச்சிருப்போம் அண்ணி, யாராவது தேடிக்கிட்டு வருவாங்கன்னு" என்றார். மகன் என்னிடம் எதுவும் கேட்காமல் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான். இப்போது அவன் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில், ஐஸ் தட்டுக்குப் பின்னால் மூலையில் இருக்கிறது. மருந்துக் கடைக்காரன், தேதி போடாத பொருளை வீட்டுக்குள் வைத்திருக்கிறான்.

அதனால் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும் என்கிற அந்த ஒரு வரியை எப்படியும் அனுப்பிவிடுங்கள் அம்மா. நான் இப்போது இருக்கிற இந்த மகன் வீட்டு விலாசத்தை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.